வெயில் வந்தால் போகிற பனி

மார்கழி வந்துவிட்டால் எங்கள் யூனிட்டில் எதுவும் காயாது. அச்சிலிருந்து எடுத்து வைத்த பொம்மை காலையில் எப்படி இருந்ததோ அப்படியே சாயங்காலமும் ஈரமாக உட்கார்ந்திருக்கும். விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்கிற எல்லோருக்கும் உள்ள கஷ்டம்தான் இது. அவசரப்பட்டுச் சூளையில் ஏற்றினால் உள்ளே இருக்கிற ஈரம் வெளியே வர வழியில்லாமல் பொம்மையை வெடிக்க வைத்துவிடும். ஒன்று வெடித்தால் பக்கத்தில் நிற்கிற நல்லதையும் கெடுத்துவிட்டுத்தான் போகும். அதனால் நானும் என் வீட்டுக்காரரும் வேலை செய்கிற பெண்களும், பலகை பலகையாக அடுக்கி வைத்த மேய்ப்பர்களையும் ஆடுகளையும் பார்த்துக்கொண்டு காத்திருப்போம். கிறிஸ்துமஸ் குடிலில் வைக்க வேண்டிய பொம்மை, கிறிஸ்துமஸ் நெருங்குகிற நேரத்தில்தான் காய மாட்டேன் என்று அடம் பிடிக்கும்.

இந்த எரிச்சலை வைத்து நான் சபையில் பெயர் வாங்கியிருக்கிறேன். எங்கள் சபையில் கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு பெண்கள் ஐக்கியத்துக்கு உரியது. அன்றைக்குப் போதகர் கீழே உட்கார்ந்துகொள்வார். பெண்களில் ஒருத்தி மேலே போய்ச் செய்தி, அதாவது பிரசங்கம், கொடுக்க வேண்டும். பல வருஷமாக அந்த ஒருத்தி நான்தான். ஒரு வருஷம் காயாத பொம்மையைப் பற்றிப் பேசினேன். ஆண்டவர் நம்மை அவசரப்பட்டுச் சூளையில் ஏற்றுகிறவர் அல்ல, நமக்குள் இருக்கிற ஈரம் போகிற வரைக்கும் காத்திருக்கிறவர் என்றேன். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டதை மேடையிலிருந்தே பார்த்தேன். அந்தக் காட்சியை நினைத்தே அடுத்த டிசம்பர் வரை ஓட்டினேன் என்று சொன்னால் நம்புங்கள். மற்ற நாளெல்லாம் நான் பொம்மைக்குக் கண் வரைகிறவள், சமைக்கிறவள், கரண்டு பில் கட்டுகிறவள். அந்த ஒரு ஞாயிறு மட்டும், ஆண்டவர் என் வாயை இரவல் வாங்கிக்கொள்கிறார் என்று எனக்கு ஒரு நினைப்பு. அதை யாருக்கும் விட்டுக் கொடுக்க எனக்கு மனசில்லை.

போன டிசம்பர் பிறந்த வாரம் போதகர் யூனிட்டுக்கு வந்தார். குடில் செட்டைப் பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்து டீ சொல்லி அனுப்பினேன். அவர் டீயைக் குடித்துவிட்டு, ஆட்டுக்குட்டி ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இந்த வருசம் பெண்கள் ஞாயித்துக்கிழமைக்கு ஒரு மாத்தம் பண்ணலாமான்னு கமிட்டியில பேசினோம்மா,” என்றார்.

“பண்ணுங்க ஐயா.”

“உங்க தங்கச்சி கனடாவுலதானே இருக்காங்க. அவங்க குரூப்புல போடுற போட்டோவெல்லாம் சபையே பாக்குது. இந்தத் தடவ வசனமும் உறைந்த மழையப் பத்தினது. அவங்க பனியில நின்னு ஒரு வீடியோ எடுத்து அனுப்பினாங்கன்னா, ஸ்கிரீனு கட்டிக் காட்டிடலாம். பிள்ளைங்களுக்கு நிஜ ஸ்னோவு பாத்த மாதிரி இருக்கும்.”

“ரொம்ப நல்லதுங்க ஐயா,” என்றேன். வயிறு பற்றி எரிந்தது.

அந்த வசனம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பாவம் எவ்வளவு சிவப்பாக இருந்தாலும் உறைந்த மழை மாதிரி வெளுத்துப் போகும் என்கிற வாக்கு. பழைய மொழிபெயர்ப்பில் பனி என்று போடாமல் உறைந்த மழை என்று போட்டிருக்கிறார்கள். இந்தப் பக்கத்து ஜனங்களிடம் பனி என்று சொன்னால் புல்லில் உட்காருகிற ஈரத்தைத்தான் நினைப்பார்கள், அது என்ன வெள்ளை என்று கேட்பார்கள் என்று பயந்திருப்பார்கள் போல. சின்ன வயசில் நான் உறைந்த மழை என்றால் ஆலங்கட்டி என்றே நினைத்தேன். பாவம் போகும்போது மண்டையில் அடித்துவிட்டுத்தான் போகும் என்று பயமாக இருந்தது. பிறகு அது எங்கோ தூர தேசத்து சமாசாரம் என்று விளங்கியது. நமக்கு ஆகாததை நமக்கு எழுதி வைத்திருக்கிறார்களே என்று ஒரு சின்னக் குறை மனசில் இருந்துகொண்டே இருந்தது.

இப்போது அந்த தூர தேசத்தில் என் தங்கை போய் நிற்கிறாள். அவளுக்குக் கொடுத்து வைத்திருக்கிறது. அவள் புருஷனுக்கு அங்கே வேலை கிடைத்துக் குடும்பத்தோடு போனாள். போன முதல் குளிர்காலமே சபை வாட்ஸப் குரூப்பில் அவள் ராஜ்ஜியம்தான். வெள்ளை வெளேரென்று ஒரு தெரு, அதில் குல்லா போட்டுக்கொண்டு அவள். கீழே “ஆண்டவரின் படைப்பு எவ்வளவு அற்புதம்” என்று ஒரு வரி. அவ்வளவுதான். ஆமென், ஸ்தோத்திரம், கும்பிட்ட கை, அழுகிற மூஞ்சி என்று கொட்டித் தீர்த்துவிட்டார்கள். நானும் ஒருநாள் விடியற்காலையில் மணிமுத்தாற்றுப் பாலத்தில் பனி மூட்டத்தைப் படம் எடுத்து, நன்றாக யோசித்து மூன்று வரி எழுதிப் போட்டேன். ஒரே ஒரு கட்டை விரல் வந்தது. யார் என்று பார்த்தால் பக்கத்து அறையில் படுத்திருந்த என் வீட்டுக்காரர்.

சரி, தூரத்துப் பனிதான் அவளுக்கு, இங்கே கிட்டத்தில் இருக்கிற பனியாவது எனக்கா என்றால் அதுவும் இல்லை. மார்கழிப் பனி எதிர் வீட்டுக்காரர்களுடையது. ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த அந்த அம்மா இருட்டு விலகுவதற்கு முன்னால் குளித்துத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கோலம் போட உட்கார்ந்துவிடுவார். தெருவை அடைத்துக் கோலம், நடுவில் சாணி உருண்டை, அதன்மேல் பரங்கிப்பூ. கோயிலில் ஸ்பீக்கர் பாடும். பொங்கலும் சுண்டலும் வரும். அவர்களுக்கு இந்தக் குளிருக்கு ஒரு காரணம் இருக்கிறது. எதற்காக நடுங்குகிறோம் என்று தெரிந்து நடுங்குகிறார்கள். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று பழமொழி வேறு கைவசம் வைத்திருக்கிறார்கள். நான் அதே குளிரில் அதே நேரத்தில் எழுந்து பால் பாக்கெட் எடுக்க வெளியே வருவேன். “என்னாங்க, பனி இப்பிடிக் கொட்டுது,” என்று அந்த அம்மா சிரிப்பார். நானும் சிரிப்பேன். அவருடைய பனியில் நான் வாடகைக்கு நிற்கிற மாதிரி இருக்கும்.

எங்களுக்கென்று என்ன இருக்கிறது? பஞ்சு. மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய பஞ்சைப் பிய்த்துக் குடில் கூரையில் ஒட்டுவோம். ஒரு வருஷம் வாலிபர் சங்கத்துப் பையன்கள் தெர்மாகோல் மணிகளை மின்விசிறி இறக்கையில் கொட்டி வைத்துப் பாட்டு நடக்கும்போது சுவிட்சைப் போட்டார்கள். பாடிக்கொண்டிருந்தவர்கள் வாயிலெல்லாம் பனி போயிற்று. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். எனக்கு அந்தப் பக்கம் கனடா, இந்தப் பக்கம் கோலம், நடுவில் பஞ்சு.

“இக்கரைக்கு அக்கரை பச்ச. உனக்கு வெள்ள,” என்று என் வீட்டுக்காரர் கேலி செய்தார். அன்றைக்கு அவருக்கு ரசம் மட்டும்தான்.

இதோடு போயிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். இரண்டு நாள் கழித்துத் தங்கை கூப்பிட்டாள்.

“அக்கா, ஐயா போன் பண்ணாருக்கா. நான் செய்தி குடுக்கணுமாம். எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல.”

“நல்ல விசயந்தானே. குடு.”

“எனக்கு என்னக்கா தெரியும்? நீதான் எப்பவும் பேசுவ. நீயே எழுதி அனுப்பிடுக்கா. நான் பனியில நின்னு படிச்சிடுறேன்.”

என் செய்தியை வாங்கி இவள் வாயில் போட்டுக்கொண்டு, என் சபைக்கு இவள் பரிமாறப் போகிறாள். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் முடியாது என்று சொன்னால் அவளே ஏதாவது உளறுவாள், அதற்கும் சபை அழும், அப்புறம் எனக்கு ஒன்றுமே மிஞ்சாது. எழுதிக் கொடுத்தால் வார்த்தையாவது என்னுடையதாக இருக்கும். இப்படியெல்லாம் கணக்குப் போட்டு, சரி என்றேன்.

“சரிடி, பனி எப்பிடி இருக்குதுன்னு சொல்லு. எழுதணுமில்ல.”

“எப்பிடின்னா? குளுருது.”

“அது தெரியாதா எனக்கு. பாத்தா என்ன தோணுது?”

“வழுக்குதுக்கா. ரோட்டுக்கு உப்பு போடுறாங்க. உப்பு போட்டா கரைஞ்சு கருப்பா சேறு மாதிரி ஆயிடுது. பூட்ஸு எல்லாம் வீணாப் போவுது. பிள்ளைக்கு நாலு துணி மாட்டி ஸ்கூலுக்கு அனுப்புறதுக்குள்ள உயிர் போவுது.”

என் உள்ளம் குளிர்ந்தது. உண்மையைச் சொல்கிறேன், குளிர்ந்தது. இவ்வளவு பெரிய அற்புதத்தின் நடுவில் நின்றுகொண்டு பூட்ஸைப் பற்றிப் பேசுகிறாளே! ஆண்டவர் பல்லில்லாதவனுக்குப் பக்கோடா கொடுத்திருக்கிறார் என்று நினைத்தேன். அந்தப் பனியில் என்னை ஒரே ஒரு விடியற்காலை நிற்க வைத்திருந்தால் ஒரு வருஷத்துக்குச் செய்தி எடுத்திருப்பேன்.

ஆனால் எழுத உட்கார்ந்தபோது ஒரு வரியும் வரவில்லை. பார்க்காத பனியைப் பற்றி என்ன எழுத? வெள்ளை என்று எழுதினேன். பரிசுத்தம் என்று எழுதினேன். பஞ்சு ஒட்டுகிற வேலை மாதிரியே இருந்தது. அடித்துவிட்டு எழுந்து யூனிட்டுக்குப் போனேன். விடிந்துகொண்டிருந்தது. ஷெட்டின் ஓரத்தில் முந்தின நாள் தவறுதலாக வெளியே விட்ட பலகை ஒன்று கிடந்தது. அதில் இருந்த மேய்ப்பர்கள் எல்லோர் தோளிலும் பனி உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் ஒரு சாக்கு. சாக்கு நனைந்து சொதசொதவென்று இருந்தது. அதைத் தூக்கினேன். அடியில் தரை காய்ந்து கிடந்தது.

எனக்கு வேதத்தில் வருகிற ஒரு பழைய கதை ஞாபகம் வந்தது. ஒரு மனுஷன் கடவுளிடம் அடையாளம் கேட்கிறான். களத்தில் ஓர் ஆட்டுத்தோலைப் போட்டு வைக்கிறான். பனி தோலில் மட்டும் பெய்ய வேண்டும், சுற்றிலும் தரை காய்ந்திருக்க வேண்டும் என்கிறான். அப்படியே ஆகிறது. தோலைப் பிழிந்தால் ஒரு கிண்ணம் தண்ணீர். மறுநாள் மாற்றிக் கேட்கிறான், தோல் காயவும் தரை நனையவும். அதுவும் ஆகிறது. ஞாயிறு பள்ளியில் எத்தனையோ பிள்ளைகளுக்கு நான் சொல்லிக் கொடுத்த கதை. அன்றைக்குத்தான் எனக்குத் தரையின் மேல் பரிதாபம் வந்தது. முதல் நாள் விடிந்தபோது எல்லோரும் தோலைப் பார்த்திருப்பார்கள். சுற்றிலும் அவ்வளவு பெரிய களம் ஒரு சொட்டு இல்லாமல் காய்ந்து கிடந்திருக்கிறது. அதை யார் குனிந்து பார்த்தார்கள்?

அந்தத் தரை நான்தான் என்று ஷெட்டில் நின்றபடியே அழுதேன். வேலைக்கு வந்த பெண் ஒருத்தி, தூசி விழுந்துவிட்டதா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

அன்றைக்கே எழுதி முடித்தேன். பனி என்றே எழுதினேன். என் பனியை. சத்தமில்லாமல் வருகிற பனி. யாருக்கும் தெரியாமல் இரவெல்லாம் வேலை செய்கிற பனி. மேய்ப்பர்கள் ராத்திரியில் வெளியே தங்கியிருந்தார்கள் என்றால் அவர்கள் தோளிலும் இந்தப் பனிதான் பெய்திருக்கும் என்று எழுதினேன். தோலையும் தரையையும் எழுதினேன். கடைசியில், “காலை வெயில் வந்ததும் பனி போய்விடும். வந்தது யாருக்கும் தெரியாது. நனைந்த தரைக்கு மட்டும் தெரியும்,” என்று எழுதினேன். எழுதிவிட்டு அந்த வரியை நானே மூன்று முறை படித்துப் பார்த்துக்கொண்டேன். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்தானே, அவளுக்கு அவள் பனி, எனக்கு என் பனி என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். சபை கனடாவைப் பார்த்துக்கொண்டே என் ஊரைக் கேட்கும். அவள் கையில் பரிமாறினாலும் குழம்பு என் வீட்டுடையது. ஃபோனில் தட்டி அனுப்பினேன். “சூப்பர்க்கா,” என்று பதில் வந்தது. அதற்குள் எப்படிப் படித்திருப்பாள் என்று யோசித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஸ்கிரீன் கட்டுகிற வேலையையும் என் தலையில்தான் கட்டினார்கள். வெள்ளை வேட்டி ஒன்றை வெளுத்து இஸ்திரி போட்டு நானே கொண்டுபோனேன். சேத்தியாத்தோப்பிலிருந்துகூட இரண்டு குடும்பம் வந்திருந்தது, வீடியோ பார்க்க. வழக்கமாக நான் பேசுகிற ஞாயிறு பின்வரிசை காலியாக இருக்கும். அன்றைக்கு நிற்க இடமில்லை. நான் முன்வரிசையில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு வார்த்தையும் என்னுடையது, ஆனால் அது ஒருத்தருக்கும் தெரியாது என்ற நினைப்பு நெஞ்சில் கல் மாதிரி உட்கார்ந்திருந்தது.

வீடியோ போதகர் ஃபோனுக்கு நேரே வந்திருந்தது. நானும் முன்னால் பார்க்கவில்லை. போட்டதும் பிள்ளைகள் “ஹா” என்றார்கள். முட்டி வரை வெள்ளையில் என் தங்கை நின்றாள். சிவப்புக் குல்லா. பின்னால் பளிச்சென்று வெயில். மூக்கு நுனி சிவந்திருந்தது. பேசும்போது வாயிலிருந்து புகை வந்தது. அதற்கும் பிள்ளைகள் சிரித்தார்கள். ஒரு கையில் அவள் ஃபோனைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துப் பிள்ளை பாடம் ஒப்பிக்கிற மாதிரி என் செய்தியைப் படித்தாள். நிறுத்த வேண்டிய இடத்தில் ஓடினாள். ஓட வேண்டிய இடத்தில் நின்றாள். தோலும் தரையும் வந்தபோது நான் திரும்பிப் பார்த்தேன். கண்ணாடிப் பெரியவர் ஸ்கிரீனில் தெரிந்த மரத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பாவி, என் தரையை நாசம் பண்ணிவிட்டாளே என்று பல்லைக் கடித்தேன்.

கடைசி வரி வந்தது. “காலை வெயில் வந்ததும் பனி போய்விடும்,” என்று படித்தாள். படித்துவிட்டு நிறுத்தினாள். தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தாள். பின்னால் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அந்த வெயிலில் வெள்ளைத் தெரு கண் கூசுகிற மாதிரி அப்படியே கிடந்தது. சபையில் யாரோ முதலில் சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். ஸ்கிரீனில் அவளும் சிரித்துவிட்டாள்.

“மன்னிச்சிக்குங்க. இது நம்ம ஊரு பனி. எங்க அக்காதான் எழுதிக் குடுத்தாங்க. அவங்க இங்க வந்ததில்ல. அவங்களுக்குத் தெரிஞ்ச பனி வெயில் வந்தா போயிடும். இது போவாதுங்க, மார்ச்சு வரைக்கும் இப்பிடியேதான் கெடக்கும்.”

சபை முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. ஊருக்கே தெரிய வேண்டும் என்று ஏங்கினேன் அல்லவா? தெரிந்துவிட்டது. தப்பு கண்டுபிடித்த இடத்தில் என் பெயரைப் போட்டுவிட்டாள். நானும் சிரித்தேன். காதெல்லாம் சூடாக இருந்தது. அந்த நிமிஷம் அவளை நான் வெறுத்தேன். ஸ்கிரீனுக்கு வேட்டி துவைத்துக் கொண்டுவந்த கையை நொந்துகொண்டேன்.

அவள் ஃபோனில் எழுதியிருந்ததை விட்டுவிட்டாள். குல்லாவைக் காது வரை இழுத்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சும்மா பேச ஆரம்பித்தாள்.

“எனக்கு அக்கா மாதிரிப் பேசத் தெரியாதுங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லிடுறேன். எங்க பக்கத்து வூடு பெரிய வூடு. வாசல்ல கல்லு பாவி, பூச்செடி வெச்சி, அவ்ளோ நல்லா வெச்சிருப்பாங்க. எங்களுது மண்ணும் குப்பையுமா கெடக்கும். வந்த நாள்லேருந்து தெனம் அதைப் பாத்துப் பாத்துப் பொறாமப்படுவேன். மொதமொதல்ல பனி பேஞ்ச அன்னிக்கு காலையில கதவத் தொறந்தா, எங்க வாசல் எது, அவங்க வாசல் எதுன்னே தெரியல. ரெண்டும் ஒண்ணா இருந்துச்சு. இங்க அவங்கவங்க வாசல்ல கெடக்குற பனிய அவங்கவங்கதான் வாரணும். எங்க வூட்டுக்காரரு வேலைக்குப் போயிட்டாரு, எனக்கு வாரத் தெரியாது, கதவாண்டயே நின்னுட்டிருந்தேன். பக்கத்து வூட்டுக்காரரு அவரு வாசல வாரிக்கிட்டே வந்தவரு எங்க வாசலயும் சேத்து வாரிட்டாரு. தேங்க்ஸ் சொன்னேன். அவரு சிரிச்சாரு. எங்க வாசல் எங்க முடியுது, உங்களுது எங்க ஆரம்பிக்குதுன்னு எனக்கே தெரியலம்மான்னாரு. உறைந்த மழைன்னா அதுதான்னு எனக்குத் தோணுச்சுங்க. வேற ஒண்ணும் தெரியாது. கை வெறைக்குது. ஸ்தோத்திரம்.”

வீடியோ நின்றது. வேட்டி வெறும் வேட்டியானது. கண்ணாடிப் பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். எனக்குச் சுரீர் என்றது.

வெளியே வந்ததும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். போதகரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எழுதி வெச்சதப் படிச்சப்ப ஒண்ணும் மனசுல ஏறலங்க. அப்பறம் அவங்களா பேசினாங்க பாருங்க, அதுதாங்க செய்தி. என்னா பிள்ளைங்க அது!”

“ஆமாங்க,” என்றேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என் வீட்டுக்காரர் ஸ்கூட்டரை ஓட்டுவதிலேயே கவனமாக இருந்தார். அவருக்குப் பாவம், ரசம் ஞாபகம் வந்திருக்கும். தங்கை சொன்ன கதையை நான் ஆத்திரத்தோடு திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். எங்கேயாவது ஓட்டை இருக்காதா என்று தேடினேன். பொய்யாக இருக்கலாம் என்று நினைத்தேன். அவளுக்குப் பொய் சொல்ல வராது. யாராவது சொல்லிக் கொடுத்திருக்கலாம் என்று நினைத்தேன். சொல்லிக் கொடுத்தால் அவள் எப்படிப் படிப்பாள் என்பதைத்தான் அன்றைக்குச் சபையே கேட்டதே. வழுக்குது, உப்பு போடுறாங்க, பூட்ஸு வீணாப் போவுது என்று என்னிடம் அளந்தவள் இதை ஏன் சொல்லவில்லை? கேட்டேனே, பார்த்தால் என்ன தோன்றுகிறது என்று கேட்டேனே. அப்புறம்தான் உறைத்தது. பக்கத்து வீட்டைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன் என்று என்னிடம் சொல்ல அவளுக்குப் பயம். சபைக்கு முன்னால் சொல்லிவிடலாம், அக்காவிடம் எப்படிச் சொல்வது?

அது என் வரியாக இருந்திருக்க வேண்டும். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். ஈரத்தையும் சூளையையும் வைத்து இத்தனை வருஷம் நான் சுற்றிச் சுற்றி வந்த இடத்துக்கு அவள் ஒரு குல்லாவைப் போட்டுக்கொண்டு நேரே போய் நின்றுவிட்டாள். தோல் நனைந்ததா தரை நனைந்ததா என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். யாருடைய வாசல் என்று தெரியாமல் வாரிக்கொண்டு போகிற ஓர் ஆளை எனக்குக் காட்டிவிட்டாள். நல்ல செய்தி. சொல்லப்போனால், நான் கேட்டதிலேயே நல்ல செய்தி. அதுதான் தாங்க முடியவில்லை.

சாயங்காலம் அவள் கூப்பிட்டாள். அங்கே விடிந்திருந்தது. நான் குக்கரை இறக்கிவிட்டு ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு அடுப்பு மேடையில் வைத்தேன். என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்துவிட்டு நிமிர்ந்தார், சண்டை வரும் என்று.

“அக்கா, கோவமா இருக்கியா?”

குக்கரின் வெயிட்டைத் தூக்கிப் பார்த்தேன்.

“நீ எழுதினத நான் கெடுத்துட்டேன்னு தெரியும். கை வெறைச்சிப் போச்சுக்கா, ரெண்டாந்தடவ எடுக்க முடியல. அந்த எடத்த வெட்டவும் தெரியல. ஐயாகிட்ட சொல்லி அடுத்த வருசம் நீயே குடு. நான் இனிமே வாயத் தொறக்க மாட்டேன். திட்டணும்னா திட்டிடுக்கா.”

திட்ட எல்லாம் தயாராகத்தான் வைத்திருந்தேன். நிறுத்த வேண்டிய இடத்தில் ஓடினாய் என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று வழியிலேயே முடிவு செய்திருந்தேன். வாயைத் திறந்தேன்.

“நல்லா இருந்துச்சுடி,” என்றேன்.

லைன் கட்டாகிவிட்டதோ என்று ஃபோனை எடுத்துப் பார்த்தேன். கட்டாகவில்லை.

“கேக்குதா? நீ பேசினது நல்லா இருந்துச்சு. நான் எழுதினத விட நல்லா இருந்துச்சு.”

“அக்கா,” என்றாள். குரல் மாறியிருந்தது. “உனக்கு என்னக்கா? உடம்பு கிடம்பு சரியில்லையா?”

“நல்லாத்தான் இருக்கேன்.”

“பொய் சொல்லாத. என்னிக்கு நீ என்னய நல்லா இருக்குன்னு சொல்லியிருக்க? டாக்டரு ஏதாவது சொன்னாரா? மாமாகிட்ட போனக் குடு.”

ஃபோனை நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டு என் முகத்தையே பார்த்தார்.

“மாமா,” என்று அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். “அக்காவுக்கு என்னா ஆச்சு? எங்கிட்ட எதையும் மறைக்காதீங்க மாமா.”